முப்பது மூடை விளைந்த வயல் எதைத் தின்று விளைந்தது?

வயல் வெட்டி முடிந்ததும் வாடியடியில் எழும் முதற்கேள்வி, "ஏக்கருக்கு எத்தனை மூடை?" என்பதுதான். கமநல சேவைகள் நிலையம் கேட்பதும் அதைத்தான். மாவட்டச் செயலகத்து அறிக்கையில் ஏறுவதும், கொழும்பில் கொள்கை எழுதுபவர் கைக்குப் போய்ச் சேர்வதும் அதுவே. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேளாண்மை பற்றி மேலிடத்துக்குத் தெரிவதில் பெரும்பகுதி இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது: விதைத்த ஏக்கர், விளைந்த மூடை.

அந்த மூடைகள் எதைத் தின்று விளைந்தன என்பதை இரண்டு எண்களும் சொல்வதில்லை. மண்ணில் இருந்த பொற்றாசியத்தையா, அடகு வைத்த நகையையா, கீழ்வட்டைக்கு (வட்டை என்பது ஒரு வயற்தொகுதி) போகவேண்டிய தண்ணீரையா? இந்தப் போகம் 30 மூடை தந்த வயல் இன்னும் பத்து வருடத்துக்கும் தருமா என்று அறியவேண்டுமானால் வேறு சிலவற்றையும் அளந்தாக வேண்டும். அவை விலைகூடிய அளவுகள் அல்ல. ஆனால் அளக்கும் முறை பிழைத்தால் நல்ல வயல் கெட்டதாகவும் கெட்ட வயல் நல்லதாகவும் தெரியும். அதனால் எங்கே பிழைக்கிறது என்பதற்கே இங்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

அளவில்லாத கொள்கை என்ன செய்யும் என்பதை இந்த நாடு கண்டுவிட்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலகும்போது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. 2021இல் ஏறத்தாழ 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி, 2022இல் 34 இலட்சம் தொன் அளவுக்கு இறங்கியது. பசளையைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணத்தை நான் குறை சொல்லமாட்டேன். எந்த வட்டையில் மிகையாகக் கொட்டுகிறார்கள், எங்கே ஏற்கெனவே பற்றாமல் கிடக்கிறது, எந்த மண்ணில் எத்தனை போகம் எடுத்துக் குறைக்கலாம் என்பதை வட்டை வட்டையாகப் பார்க்காமல், முழு நாட்டுக்கும் ஒரே நாளில் ஒரே கட்டளை போட்டதுதான் கொடுமை.

உலக அளவில் இதற்கென்று ஒரு சட்டகம் உண்டு. ஐ.நா. நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 2.4.1 என்ற குறிகாட்டிக்கு உணவு விவசாய நிறுவனம் பொறுப்பு. பண்ணைக்குப் பண்ணை பதினொரு விடயங்களைக் கேட்கிறார்கள்: ஹெக்டேயருக்கு உற்பத்திப் பெறுமதி, நிகர வருமானம், இடர் தாங்கும் வழி, மண்கேடு, தண்ணீர் கிடைப்பு, பசளைக் கையாளல், பூச்சிநாசினிக் கையாளல், உயிர்ப்பல்வகைமை, கூலி, உணவுப் பாதுகாப்பு, காணி உரிமை. ஒவ்வொன்றுக்கும் வீதிச் சமிக்ஞை விளக்குப் போல பச்சை, மஞ்சள், சிவப்பு. பதினொன்றையும் கூட்டிப் பிரித்து ஒரே புள்ளியாக்குவதில்லை என்பதே அதில் எனக்குப் பிடித்தது. உப்பேறிய மண்ணை நல்ல வருமானம் ஈடுசெய்துவிட்டதாகக் காட்டும் சராசரி எவருக்கும் உதவாது. மற்றப்படி, அந்தச் சட்டகத்தை அப்படியே தூக்கி வந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் வைத்தால் பல இடங்களில் கால் தடுக்கும்.

முதல் தடுக்கல், யாரைக் கேட்பது என்பது. கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பேணப்படும் வயற்காணி இடாப்பில் இருக்கும் பெயரை வைத்துக்கொண்டு போனால், பாதி இடங்களில் பிழையான ஆளிடம் போய் நிற்போம். இடாப்பில் இருப்பவர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் பிரித்திருப்பார்கள். போடியார் எனும் பெருங்காணிக்காரர் நகரத்தில் இருப்பார், வயல் அவருக்காக வேலை பார்க்கும் முல்லைக்காரர் பொறுப்பில் இருக்கும், ஒரு துண்டு குத்தகைக்குப் போயிருக்கும். எத்தனை அந்தர் யூரியா எறிந்தது, எந்தத் திகதியில் எறிந்தது என்பது எறிந்தவருக்குத்தான் தெரியும். காணி உரிமை பற்றிய கேள்விக்கு விடை உறுதிக்காரரிடம் இருக்கும். ஆகவே இரண்டு பேர், இரண்டு தாள். வட்டையின் வேலைகளைக் கவனிக்கும் வட்டவிதானையோடு வரம்பில் நடந்து, இந்தப் போகம் யார் செய்கிறார் என்று துண்டு துண்டாகக் குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலிலிருந்துதான் மாதிரியை எடுக்கவேண்டும். ஒரு வட்டைக்கு அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் நடத்தும் ஆய்வு எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டாலும் காசுக்குக் கேடு.

அடுத்தது மூடையும் ஏக்கரும். மூடை என்பது ஒரு நிறை அல்ல. ஊருக்கு ஊர், வாங்குபவருக்கு வாங்குபவர் மாறும். எத்தனை கிலோ என்று கேட்காமல் மூடைக் கணக்கை எழுதவே கூடாது. ஈரமும் அப்படித்தான். இயந்திரம் வெட்டிக் கொட்டும் நெல் 20, 22 வீத ஈரத்தோடு வரும். ஒப்பிடுவதற்கு எல்லாவற்றையும் 14 வீத ஈரத்துக்குக் கொண்டுவரவேண்டும். நூறிலிருந்து ஈர வீதத்தைக் கழித்து, 86ஆல் வகுத்து, நிறையோடு பெருக்கினால் சரி. 22 வீத ஈரத்தில் 30 மூடை என்றால், உலர்ந்த கணக்கில் அது 27 மூடைதான். மாரி அறுவடையில் மழை தொட்ட வருடத்தையும் தொடாத வருடத்தையும் திருத்தாமல் பக்கத்தில் வைத்தால், இல்லாத வளர்ச்சியும் இல்லாத வீழ்ச்சியும் கண்ணுக்குத் தெரியும்.

ஏக்கரை விதைப்பளவு வைத்துச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. விதையைக் கூட்டி எறிபவரின் ஏக்கர் பெரிதாகிவிடும். கைத்தொலைபேசியில் வரம்பைச் சுற்றி நடந்தால் பரப்பு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருவி ஒவ்வொரு புள்ளியிலும் சில மீற்றர் தவறும். இரண்டு ஏக்கருக்கு மேல் அது பெரிய பிழை இல்லை, அரை ஏக்கருக்குக் குறைந்த துண்டில் கணக்கையே கெடுத்துவிடும். சின்னத் துண்டுகளுக்கு நாடாதான் நல்லது. விளைச்சலைச் சொல் கேட்டு எழுதாமல் வெட்டிப் பார்ப்பதானால், 33 அடிக்கு 16½ அடி சட்டம் ஏக்கரில் சரியாக எண்பதில் ஒரு பங்கு. அதில் வெட்டி அடித்துத் தூற்றிய நெல்லின் கிலோவை 80ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு வந்துவிடும். சட்டம் விழும் இடத்தை முன்கூட்டியே எண்ணால் தீர்மானித்துக்கொண்டு போகவேண்டும். வயலுக்குள் இறங்கிய பிறகு தெரிவு செய்தால் கை தானாக நல்ல கதிருள்ள பக்கம் போய்விடும்.

இனிப் பசளைக்கு வருவோம். கொள்கைக்கு மிக அதிகம் சொல்லக்கூடியதும், மிக மலிவாக எடுக்கக்கூடியதும் இந்தக் கணக்குத்தான்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ உர மூடையை அந்தர் என்றே நம் ஆட்கள் சொல்வதால் அதையே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு இரண்டு அந்தர் யூரியா என்றால் 46 கிலோ நைதரசன் உள்ளே போகிறது. 66 கிலோ மூடையில் 30 மூடை, அதாவது 1980 கிலோ நெல் வெளியே போகிறது. நெல்மணியில் நைதரசன் ஏறத்தாழ 1.1 வீதம், எனவே 22 கிலோ. போட்டதில் 47 வீதம் நெல்லாகத் திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு வயலில் மூன்று அந்தர் போட்டு 31 மூடை எடுத்தார்கள் என்று வைப்போம். 69 கிலோ உள்ளே, 22½ கிலோ வெளியே, 33 வீதம். ஒரு மூடை நெல்லுக்காக ஒரு அந்தர் யூரியா. மிச்சம் காற்றோடும் வாய்க்காலோடும் போகிறது, போகிற வழியில் அறக்கொட்டி என்ற தத்துப்பூச்சியையும் கூப்பிடுகிறது. மிகை நைதரசனில் இலை கறுத்து நெருங்கி நின்றால், அடியில் அந்தத் தத்தி பெருகுவது தெரிந்த விடயம்.

இந்த வீதத்தை எப்படி வாசிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். 50க்கும் 90க்கும் இடையில் இருப்பது நல்லது என்பது ஐரோப்பிய நைதரசன் வல்லுநர் குழு வைத்த அளவுகோல். 50க்குக் கீழே விரயம். 90க்கு மேலே போனால் மகிழக்கூடாது, மண்ணிலிருந்து உருவுகிறோம் என்று அர்த்தம். பசளையே போடாமல் 12 மூடை எடுத்த வயலை இந்தக் கணக்கில் போட்டால், உலகத்திலேயே திறமான வயலாகக் காட்டும்! ஆகவே வீதத்தோடு, ஏக்கருக்கு எத்தனை கிலோ நைதரசன் மிஞ்சியது அல்லது குறைந்தது என்ற மீதியையும், விளைச்சலையும் சேர்த்து மூன்றாகத்தான் எழுதவேண்டும். ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால் 2021 திரும்ப வரும்.

வைக்கோல் இன்னொரு பொறி. 30 மூடை விளைந்த ஏக்கரில் ஏறத்தாழ அதே நிறையில், இரண்டு தொன் வைக்கோலும் கிடக்கும். அதில் 13 கிலோ நைதரசன் உண்டு. அரை அந்தர் யூரியாவுக்கு மேலே. எரித்தால் அத்தனையும் புகை. ஆய்வுத் தாளில் 'வயலை விட்டுப் போனது' என்ற நிரலில் எரித்த வைக்கோலையும் சேர்த்து எழுதினால், மீதி சின்னதாகி எரித்தவரின் வயல் சுத்தமானதாகவும், வைக்கோலை வயலுக்குள்ளேயே பரப்பியவரின் வயல் மிகையானதாகவும் வந்து நிற்கும். விற்றதும் உண்டதும் மாட்டுக்குப் போனதும் மட்டுமே விளைவு. எரித்தது இழப்பு. அதற்குத் தனி நிரல் போடவேண்டும்.

பொற்றாசியத்தில் வைக்கோலின் கதை இன்னும் கடுமையானது. நெல் உறிஞ்சும் பொற்றாசியத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, தாளில் இருக்கிறது. எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளையை அரை அந்தர் போட்டால் பொற்றாசியமாக 12½ கிலோ. மணியில் 6 கிலோ போகும். இரண்டு தொன் வைக்கோலில் சுமார் 28 கிலோ. வைக்கோலை வயலில் விட்டால் 6½ கிலோ மிச்சம். ஏற்றிக் கொடுத்துவிட்டால் 21½ கிலோ பள்ளம், ஒரே போகத்தில். எரித்தால் பொற்றாசியத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும், மீதி சாம்பலில் தங்கும். ஆனால் அறுவடை இயந்திரம் வரிசையாகக் கொட்டிய இடத்திலேயே சாம்பலும் கிடந்து, முதல் மழையில் கரைந்துவிடும். அடுத்த போகம் பயிர் பட்டை பட்டையாகப் பச்சையும் மஞ்சளுமாக நிற்பதற்கு இது ஒரு காரணம். யூரியாவுக்கு மட்டும் மானியம் கொடுத்து எம்.ஓ.பி.யைச் சந்தை விலைக்கு விட்டால் இந்தப் பள்ளம் எங்கே எவ்வளவு ஆழமாகும் என்பதை, வட்டைக்குப் பத்து வயல் கணக்கிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கொள்கைக்கு உதவும் அளவு என்று நான் சொல்வது இதைத்தான்.

பசளைத் தாளில் கட்டாயம் இருக்கவேண்டிய இன்னொன்று திகதி. ஐப்பசி, கார்த்திகையில் யூரியா எறிந்த மறுநாள் நூறு மில்லிமீற்றர் கொட்டினால் அது வாவிக்குப் போட்ட பசளை. அளவு சரியாக இருந்தும் விளைச்சல் குறைந்த மானாவாரி வயல்களில் பாதிக்குப் பாதி விளக்கம், எறிந்த திகதியையும் மழைமானியையும் பக்கத்தில் வைத்தால் கிடைத்துவிடும்.

மண்ணைப் பொறுத்தவரை, ஒவ்வொரு போகமும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஒரு போகத்தோடு களைத்துப்போவார்கள். சேதனக் காபன் மெதுவாக மாறும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். அதற்குள் தெரியும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மாதிரி எடுத்த கையின் வித்தியாசம். உழவு ஆழமான 15 சென்ரிமீற்றர் வரை, வயலில் குறுக்கும் மறுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து எதிர்ப்பக்கங்களைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ நிழலில் உலர்த்தவேண்டும். வரம்போரம், தண்ணீர் பாயும் வக்கடை வாய், மாடு கட்டிய இடம், வைக்கோல் எரித்த இடம் எல்லாவற்றையும் விலக்கவேண்டும். பசளை வந்த பையில் மண் அள்ளுவது மிகச் சாதாரணமான பிழை. அதற்குப் பிறகு எந்த ஆய்வுகூடத்தாலும் காப்பாற்ற முடியாது.

உப்பு அப்படியல்ல, அது போகத்துக்குப் போகம் மாறுவது. வாவிக்கரை வயல்களிலும், அம்பாறைக் கரையோரத்தில் கல்லோயா நீர்ப்பாசனத்தின் கடைவாய்க்கால் பக்கத்துத் தாழ்நிலங்களிலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். மண்ணை நீரால் நிறைத்து எடுக்கும் நிறைவுக் கரைசலில், உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமென்ஸ் வரை நெல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் 12 வீதம் விழும் என்பது பாடநூல் அளவு. 6 வந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கையடக்கக் கருவியால் வயலிலேயே அளக்கலாம்: ஒரு பங்கு உலர்ந்த மண், ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் குலுக்கித் தெளியவிட்டு அளவை எடுப்பது. ஆனால் அந்த அளவு நிறைவுக் கரைசல் அளவு அல்ல. பல மடங்கு பெருக்கவேண்டும். மணல் மண்ணுக்குப் பெருக்கும் எண் பெரிது, களிமண்ணுக்குச் சின்னது. பெருக்காமல் எழுதிய 0.8ஐப் பார்த்து 'உப்பில்லை' என்று தீர்மானித்த அறிக்கை, 7, 8 இருக்கும் வயலைப் பச்சையில் போட்டிருக்கும்.

காலம் அதைவிட முக்கியம். மார்கழியில் வெள்ளம் கழுவிய மண்ணில் உப்புத் தேடுவது வீண். ஆவணி, புரட்டாதியில், மாரி மழைக்கு முன், உப்பு மேலெழுந்து நிற்கும்போதும், பிறகு விதைத்து மூன்றாவது வாரம் நாற்று மிக மென்மையாக இருக்கும்போதும் என்று இரண்டு தடவை எடுத்தால் போதும். இந்த இரண்டு எண்ணும் மூன்று வருடம் தொடர்ந்து கையிலிருந்தால், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற பெரிய வாக்குவாதத்துக்கு ஒரு பிடி கிடைக்கும். வெட்டாவிட்டால் வெள்ளம் வடியாது. வெட்டினால் பின்பு உவர்நீர் ஏறும். எந்த வட்டைக்கு எது நட்டம் என்பது எண்ணாகத் தெரியாத வரையில், சத்தம் கூடிய பக்கம்தான் வெல்லும். ஏ.ரி. 354 போன்ற உப்புத் தாங்கும் இனத்தின் விதைநெல்லை எந்தப் பிரிவுக்கு எத்தனை புசல் ஒதுக்குவது என்பதும் இதே எண்ணிலிருந்துதான் வரவேண்டும்.

தண்ணீரை அளக்க மதகில் பொருத்தும் கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு. நேராக ஓடும் வாய்க்காலில் பத்து மீற்றர் அளந்து, ஒரு சின்னக் கட்டையை மிதக்கவிட்டு, ஐந்து தடவை நேரம் பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். மேல்நீர் வேகம் கூடியது என்பதால் ஏறத்தாழ 0.8ஆல் பெருக்கவேண்டும். 60 சென்ரிமீற்றர் அகலம், 30 ஆழம், பத்து மீற்றருக்கு 25 செக்கன் என்றால், செக்கனுக்கு 57 லீற்றர் சொச்சம். அது நாள் முழுதும் 100 ஏக்கர் வட்டைக்குள் போனால், வயல் மேல் 12 மில்லிமீற்றர் உயரத் தண்ணீர். சிறுபோகத்து வெயிலில் ஆவியாவதற்கும் கசிவுக்கும் இது மட்டுமட்டாகக் காணும். பகலில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். இரவில் மேல்வட்டை அடைத்து எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஆனால் தண்ணீரை ஒரு வயலின் திறமையாகப் புள்ளி போடுவதற்கு நான் உடன்படமாட்டேன். கல்லோயாவின் பெருங்குளமான சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் தண்ணீர் மேல்வட்டையில் வடிந்து, கீழ்வட்டைக்கு வாய்க்கால் நீராகப் போகிறது. மேலே 'விரயம்' என்று எழுதுவது கீழே ஒருவரின் சிறுபோகம். அதே வழியில் மேலே அடித்த எண்ணெயும், அதாவது பூச்சிநாசினியும் களைநாசினியும், கீழே வருகிறது. ஆகவே தண்ணீருக்குத் தலைவாய், நடு, கடைவாய் என்று மூன்று இடத்தில் அளந்து, இடைவெளியைத்தான் எழுதவேண்டும். கல்லோயா இடதுகரையில் 1981இலிருந்து வயல்வாய்க்கால் மட்டத்தில் விவசாயிகள் குழுவாகி, கடைவாய்க்கும் தண்ணீர் போகச் செய்தது உலகமெங்கும் எடுத்துச் சொல்லப்படும் உதாரணம். தாங்களே பார்க்கக்கூடிய அளவு இருந்தால் விவசாயிகள் எதைச் செய்வார்கள் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

வருமானக் கணக்கை ரூபாயில் எழுதினால் 2022க்கு முன்னையதையும் பின்னையதையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. நம்மூர்க் குத்தகை எப்போதும் பேசப்படுவது போல, எல்லாவற்றையும் மூடையாக மாற்றுவது நல்லது. உழவு, விதைநெல், பசளை, எண்ணெய், கூலி, வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி எல்லாவற்றையும் அந்தப் போகத்தில் வயலடியில் கிடைத்த நெல் விலையால் வகுத்தால், இத்தனை மூடை செலவு என்று வரும். ஒரு கணக்குக்கு, செலவு 19 மூடை, குத்தகை 7 மூடை, விளைவு 30 என்றால், சொந்தக்காரருக்கு 11, குத்தகைக்காரருக்கு 4. விளைவு 24க்கு இறங்கினால் சொந்தக்காரருக்கு இன்னும் 5 மூடை மிச்சம். குத்தகைக்காரர் 2 மூடை கடனில். ஒரே வயல், ஒரே விளைச்சல், ஒருவருக்குப் பச்சை, மற்றவருக்குச் சிவப்பு. வட்டைச் சராசரி இதை முழுக்க மறைத்துவிடும். வீட்டார் வயலில் நின்ற நாட்களைப் பூச்சியமாக விடாமல், தனியாக நாட்கணக்கில் எழுதிவைக்கவேண்டும். வட்டியையும் மறக்கக்கூடாது, அடகு வட்டியைச் செலவில் சேர்க்காத கணக்கு எப்போதும் இனிக்கும்.

சர்வதேசச் சட்டகம் மூன்று வருடத்து நிகர வருமானத்தைக் கேட்கிறது. மூன்றும் மேலே இருந்தால்தான் பச்சை. இது நல்ல விதி. 2011 தை மாதத்திலும் 2024 கார்த்திகையிலும் வெள்ளம் கொண்டுபோன மாவட்டங்கள் இவை. ஒரு போகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமுடியாது. இடர் தாங்கும் வழி பற்றிய விதிதான் இங்கு பொருந்தவில்லை. கடன், காப்புறுதி, பலவகை விளைவு என்ற மூன்றில் இரண்டு இருந்தால் பச்சை என்கிறார்கள். பயிர்க் காப்புறுதியில் பெயர் இருந்து, மனைவியின் தாலிக்கொடி அடகில் இருந்தால், இரண்டும் இருப்பதாகி பச்சை விழுந்துவிடும்! கடன் கிடைக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், போன போகத்துக் கடன் அடைந்த பின்தான் இந்தப் போகத்துக் கடன் எடுத்தாரா என்றும் கேட்கவேண்டும். அந்த ஒரு கேள்வி மற்ற மூன்றையும் விடக் கூடச் சொல்லும்.

எண்ணெய் விடயத்தில் 'இரண்டு போத்தல் அடித்தேன்' என்ற விடை ஒன்றுக்கும் உதவாது. வெறும் போத்தலை வாங்கிப் பார்த்து, சேர்ந்திருக்கும் மருந்தின் பெயர், சிட்டையின் நிறப்பட்டை, எத்தனை தாங்கி அடித்தது, நெல் வெட்டுவதற்கு எத்தனை நாள் முன் அடித்தது என்று எழுதவேண்டும். களைநாசினியும் பூச்சிநாசினியும் ஒரே நிரலில் கலக்கக்கூடாது. கூலியில், சட்டம் சொல்லும் குறைந்தபட்ச நாட்சம்பளத்தை வயற்கூலி தாண்டியே நிற்பதால் அந்தக் குறிகாட்டி எப்போதும் பச்சையாகவே வரும். வருடத்தில் எத்தனை நாள் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பவையே இங்கு அளக்கவேண்டியவை. உணவுப் பாதுகாப்பு பற்றிய எட்டுக் கேள்விகளைக் காணிக்காரர் வீட்டில் மட்டும் கேட்டுவிட்டு வருவதில் பயனில்லை, கூலிக்கு வருபவர் வீட்டிலும் கேட்கவேண்டும். இயற்கைத் தாவரத்துக்குப் பத்து வீத நிலம் விடுவது இரண்டு ஏக்கர்காரருக்கு இயலாத காரியம். குளக்கட்டு, வாய்க்கால் கரை, மருதமர வரிசை எல்லாவற்றையும் சேர்த்து வட்டைக்கு ஒரு தடவை பார்ப்பதே நியாயம்.

களுதாவளை, தேத்தாத்தீவுப் பக்கத்து மணற்பாங்கான தோட்டங்களுக்கு நெற்தாளைக் கொண்டு போகக்கூடாது. அங்கே கேள்வி கிணற்றில் இருக்கிறது. மணலில் போட்ட யூரியாவும் கோழி எருவும் நைத்திரேற்றாகி நேரே கீழே இறங்கும். குடிநீரில் அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டக் கிணற்றிலும் பக்கத்து வீட்டுக் கிணற்றிலும், மாரிக்கு முன்னும் மாரி முடிந்த பின்னும் அளந்தால் போதும்.

மாடு விடயத்தில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். 2.4.1 குறிகாட்டி, ஒரு பண்ணைக்கென்றே ஒதுங்காத அரச நிலத்தையும் பொது நிலத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. மட்டக்களப்புத் தயிரின் பால் வருவதோ பெரும்பாலும் மேய்ச்சற்தரை மாடுகளிலிருந்து. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்தரைக்காக 2023 முதல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் இருந்து போராடியது ஊரறிந்தது. அந்த நிலம் முழுவதும் ஒரு அளவிலும் வராது என்றால், அது சுருங்குவதும் எந்த அறிக்கையிலும் வராது. ஆகவே இந்த மாவட்டங்களுக்கென்று ஒரு தாள் கூடப் போடவேண்டும்: பட்டிக்கு எத்தனை மாடு, எந்த மாதம் எங்கே மேய்ந்தது, வேளாண்மைக் காலத்தில் அப்புறப்படுத்த எத்தனை கிலோமீற்றர் நடந்தது, பசுவுக்குப் பால் எவ்வளவு இறங்கியது, கன்று எத்தனை தவறியது.

கடைசியில் கூட்டும் முறை. உலகக் குறிகாட்டி பண்ணைகளை எண்ணுவதில்லை, பரப்பை எண்ணுகிறது. 50 ஏக்கர் போடியார் ஒருவரின் பச்சை, இரண்டு ஏக்கர்க் குத்தகைக்காரர் 25 பேரின் சிவப்பைச் சமன்செய்துவிடும். மண், உப்பு, பசளை போன்றவற்றுக்குப் பரப்பளவில் கூட்டுவது சரி. வருமானம், உணவு, காணி உரிமை ஆகியவற்றுக்கு ஆட்கணக்கில்தான் கூட்டவேண்டும். இரண்டையும் அருகருகே அச்சிடலாம், இடம் ஒன்றும் போய்விடாது. மாதிரியை எடுக்கும்போதும் பெருங்குளப் பாசனம், சிறுகுளம், மானாவாரி, கரையோரத் தோட்டம், மேய்ச்சல் என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் போதிய எண்ணிக்கை எடுக்கவேண்டும். இல்லையென்றால் உன்னிச்சைக் குளத்து வயலும் வாகரை மானாவாரியும் ஒரே சராசரிக்குள் புதைந்துவிடும்.

இந்த எண்கள் கொழும்புக்குப் போவதற்கு முன் போகவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பெரும்போகத்துக்கு முந்திய கன்னாக் கூட்டத்தில்தான் விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, பூட்டும் திகதி, மாடு அப்புறப்படுத்தும் திகதி எல்லாம் முடிவாகின்றன. வட்டைக்கு ஒரே ஒரு தாள் போதும். தாளின் மேற்பகுதியில், கடந்த மூன்று போகத்து உலர்நெல் விளைச்சல். அதன் கீழ் நைதரசன் வீதமும் மீதியும், பொற்றாசிய மீதி, புரட்டாதியில் எடுத்த உப்பளவு, தலைவாய்க்கும் கடைவாய்க்கும் தண்ணீர் இடைவெளி, சொந்தக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் மிஞ்சிய மூடை. உப்பளவு கடைசியாக வரும் எண் என்பதால், புரட்டாதி முதல் வாரத்தில் மண் எடுத்துவிடவேண்டும். விவசாயப் போதனாசிரியர் ஒருவரும் வட்டவிதானையும் சேர்ந்தால் நாளுக்கு இரண்டு வட்டை முடிக்கலாம். மண் உலர நாலு நாள், கலக்கி அளக்க ஒரு நாள். கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அந்தத் தாள் வட்டவிதானையின் கையில் இருக்கவேண்டும்; கூட்டத்தில் அதை வாசிக்கவேண்டியவரும் அவர்தான்.